புது ஃபிளேம் சென்சார் வாங்கும் முன் கொஞ்சம் பொறுங்கள்

வீட்டைச் சூடாக்கும் கேஸ் பர்னஸில் பர்னர் பற்றுகிறது, மூன்று நான்கு விநாடியில் அணைகிறது, மறுபடி பற்றுகிறது, மறுபடி அணைகிறது, கடைசியில் பர்னஸ் லாக்அவுட் ஆகி, அதாவது முயற்சியையே நிறுத்திக்கொண்டு, வீடே சில்லிட்டுப் போகிறது. உடனே ‘ஃபிளேம் சென்சார் போச்சு’ என்று புதிது வாங்கிவிடுகிறார்கள். முதல் தவறு இதுதான். சென்சார் என்பது தீ எரிகிறதா என்று அறிய, பீங்கானில் பொருத்திய ஓர் உலோகக் கம்பி, அவ்வளவுதான். பீங்கான் விரிசல் விட்டாலோ கம்பி அரித்துப் போனாலோ மாற்றத்தான் வேண்டும், மற்றபடி பெரும்பாலும் மேலே படிந்த படலம்தான் பிரச்சினை.

சுத்தம் செய்கிறேன் என்று முரட்டு உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், கீறல்களில் அழுக்கு இன்னும் சீக்கிரம் ஏறும். மெல்லிய ஸ்டீல் வுல்லால் லேசாகத் தேய்த்துத் துணியால் துடைத்தால் போதும். அதற்கு முன் மின்சாரத்தையும் கேஸையும் நிறுத்திவிட வேண்டும். பக்கத்தில் இருக்கும், தீயைப் பற்றவைக்கும் இக்னைட்டரைச் சென்சார் என்று நினைத்துக் கழற்றுகிறவர்களும் உண்டு. இக்னைட்டர் எளிதில் உடையும், அதன் சூடாகும் பகுதியில் விரல் படவே கூடாது.

சுத்தம் செய்தும் அணைகிறதா? அப்போதும் சென்சாரை மட்டுமே சந்தேகப்படாதீர்கள். பர்னஸைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் போர்டு அந்தக் கம்பிக்கு ஏசி (திசை மாறி மாறிப் பாயும்) மின்னழுத்தம் தருகிறது, சுடரில் இருக்கும் அயனிகள் வழியாக மின்சாரம் பர்னருக்கும் அங்கிருந்து எர்த்துக்கும் போகிறது, கம்பி சிறியது பர்னர் பெரியது என்பதால் அது ஒரு திசையிலேயே அதிகம் பாய்ந்து ஒரு சில மைக்ரோஆம்ப் (ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) டிசியாகிறது, அதாவது ஒரே திசை மின்சாரமாகிறது. தீ எரிகிறது என்று போர்டு தெரிந்துகொள்வது இதை வைத்துத்தான். ஆக பர்னரில் துரு, எர்த் ஒயர் தளர்வு, ஏன், ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால்கூட, எத்தனை சென்சார் மாற்றினாலும் அதே கதைதான்.

மீட்டரில் ஓம்ஸ் (மின்தடை) வைத்துச் சென்சாரைப் பார்ப்பது பெரிதாக எதுவும் சொல்லாது. மைக்ரோஆம்ப் அளக்கிற மீட்டரைச் சென்சாருக்கும் அதன் ஒயருக்கும் நடுவே தொடராக இணைத்து, தீ எரியும்போது படியுங்கள். பல பர்னஸ்களில் 2 முதல் 6 வரை வரும், 1-க்குக் கீழே என்றால் சந்தேகப்படலாம். சரியான எண்ணுக்கு உங்கள் மாடலின் கையேட்டைப் பாருங்கள்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால் மாடல் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். ‘எல்லாத்துக்கும் பொருந்தும்’ என்று விற்பதை வாங்கி, வளைத்து நெளித்துப் பொருத்தும்போதுதான் பீங்கான் உடைகிறது, அல்லது கம்பி சுடருக்கு வெளியே நிற்கிறது, அல்லது பர்னரில் உரசுகிறது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், அவசரம் என்று சென்சாரை ஏமாற்றி ஓட வைக்கப் பார்க்காதீர்கள். தீ இல்லாதபோது கேஸ் வால்வை மூடச் செய்வதே அதுதான்.

அப்புறம், சில வாரங்களிலேயே மறுபடி படலம் ஏறினால், பர்னஸ் இழுக்கும் காற்றில் பிளீச் வாசமோ துணி துவைக்கும் இடத்து ஆவியோ கலக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.