மணலில் நிற்காத கூடாரம்

கடற்கரையில் முகாமிட ஒரு மாதம் திட்டமிட்டேன். மணலைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை. முதல் நாள் மாலைக் காற்றிலேயே கூடாரத்தின் முளைகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு வந்தன. உலர்ந்த மணலுக்கு மெல்லிய முளையைப் பிடித்து வைக்கும் வலு கிடையாது. கடைசியில் நான்கு துணிப்பைகளில் மணலை நிரப்பி, பைகளின் கழுத்தில் கூடாரக் கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைத்து, மேலே மிதித்து இறுக்கினேன். அதன்பின் கூடாரம் அசையவே இல்லை.

புழுக்கம் வேறு கதை. வாசல் கடலைப் பார்த்திருந்ததால் பகலில் காற்று சுகமாக வந்தது. இரவில் அது நிலத்திலிருந்து கடலை நோக்கித் திரும்பிவிடும் என்பது வேர்த்து ஒழுகியபோதுதான் உறைத்தது. பின்பக்கச் சன்னலைத் திறந்த பிறகே தூக்கம் வந்தது. அடுத்த பயணத்தைப் பௌர்ணமியில் வைக்கவில்லை. அப்போது கடலின் ஓதம், அதாவது நீரேற்றம், வழக்கத்தைவிட மேலே வரும்.