களை எடுக்கிறோமா, களை நடுகிறோமா?

'களை பிடுங்காப் பயிர் கால் பயிர்' என்ற பழமொழி தெரியாத விவசாயி இல்லை. களையெடுப்புக்குக் கூலி கொடுத்தே கை காய்ந்துபோனவர்களும் அநேகம். அப்படியிருந்தும் போன வருடம் எந்த மூலையில் எந்தக் களை நின்றதோ, இந்த வருடமும் அதே மூலையில் அதே களை இன்னும் அடர்த்தியாக நிற்கிறது. இதற்குச் சோம்பலைக் காரணம் சொல்வது எளிது. பெரும்பாலும் அது உண்மையல்ல. உழைப்பு போதுமான அளவு போகிறது. தவறான இடத்தில் போகிறது. விதையால் பிழைக்கும் களையையும், கிழங்கால் பிழைக்கும் களையையும், கணுவுக்குக் கணு வேர்விடும் களையையும் ஒரே களைக்கொத்தால் ஒரே மாதிரி கொத்துகிறோம். இவற்றில் சிலவற்றுக்கு நாம் கொத்துவதுதான் பிழைப்பே.

கோரையைப் பிடுங்குவது

உலகின் மிக மோசமான களை எது என்று களை அறிவியலாளர்கள் தரவரிசை போட்டபோது முதலிடத்தில் வைத்தது கோரையைத்தான். (காவிரிக் கரையில் கரூர், நாமக்கல் பக்கம் பயிராகவே வளர்க்கப்படும் பாய்க்கோரை வேறு. இங்கே பேசுவது தோட்டத்துக் கோரை. நாட்டு மருந்துக் கடையில் கோரைக்கிழங்கு என்று கேட்டால் கிடைப்பது இதன் கிழங்குதான்.)

கோரையை மேலே பிடித்து இழுத்தால் 'பட்' என்று ஒரு சத்தத்துடன் தாள் கையோடு வந்துவிடும். அந்தச் சத்தம் கேட்டால் வேலை கெட்டுவிட்டது என்று பொருள். மண்ணுக்குள் கிழங்குகள் நூல்போன்ற தண்டால் ஒன்றோடொன்று கோக்கப்பட்டு வரிசையாகக் கிடக்கின்றன. வரிசை அறுபடாத வரை முனையிலிருக்கும் கிழங்கு மற்றவற்றைப் பெரும்பாலும் தூங்க வைத்திருக்கும். இழுத்து அறுத்துவிட்டால் தூங்கிக்கொண்டிருந்த ஒவ்வொன்றும் தனித்தனியாக முளைக்கத் தொடங்கும். ஒரு தாளைப் பிடுங்கிய இடத்தில் பத்து நாள் கழித்து மூன்று தாள் நிற்பது இதனால்தான்.

இதே தவறை இயந்திரத்தால் பெரிய அளவில் செய்வதற்குப் பெயர் ரோட்டவேட்டர், அதாவது டிராக்டரின் பின்னால் சுழன்று மண்ணைப் பொடியாக்கும் கருவி. கோரை மண்டிய ஈரமான நிலத்தில் ரோட்டவேட்டர் ஓட்டினால் பார்ப்பதற்கு மண் மாவாக, அழகாக இருக்கும். உண்மையில் கிழங்குச் சரடுகளைத் துண்டு துண்டாக்கி, வயல் முழுவதும் சீராக விதைத்துவிட்டு, போகிற வழியில் பற்களில் ஒட்டிய மண்ணோடு அடுத்த தோட்டத்துக்கும் கொஞ்சம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறோம். வாடகை வண்டி உள்ளே வரும்போதே கலப்பையைக் கழுவிவிட்டு வரச் சொல்லுங்கள். டிரைவர் முகம் சுளிப்பார், சுளித்துக்கொள்ளட்டும்.

கோரைக்குப் பிடிக்காதவை இரண்டு: காய்ச்சலும் நிழலும். பெரும்பாலான கிழங்குகள் மேல்மண்ணில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே கிடப்பதால், சித்திரை வெயிலில் சட்டிக் கலப்பையோ இறக்கைக் கலப்பையோ போட்டு மண்ணைக் கட்டி கட்டியாகப் புரட்டிவிட்டுக் காயவிட்டால் வெளியே வந்த கிழங்குகள் வற்றிச் சாகும். கோடை மழை ஒன்று பெய்துவிட்டால் மறுபடி புரட்ட வேண்டும். ஓர் உழவோடு விட்டவர்கள்தான் 'கோடை உழவு போட்டும் பலனில்லை' என்கிறார்கள். அடுத்து, சணப்போ தட்டைப்பயறோ நெருக்கமாக விதைத்து நிலத்தை மூடிவிட்டால் கோரை நிழலில் சோர்ந்துபோகும். கையால்தான் எடுக்க வேண்டும் என்றால் கடப்பாரையோ கைக்கொத்தோ வைத்துக் கிழங்கோடு தோண்ட வேண்டும். அதுவும் முடியாவிட்டால் முளைத்த மூன்று வாரத்துக்குள் திரும்பத் திரும்ப வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு மேல் விட்டால் அது புதுக் கிழங்கு கட்டத் தொடங்கிவிடும், பிறகு வெட்டுவது சும்மா கூலி.

கருப்பு நெகிழித் தாளை மூடாக்காகப் போட்டால் எல்லாக் களையும் அடங்கும் என்று கடைக்காரர் சொல்வார். கோரையின் குருத்து ஊசிபோலத் தாளைக் குத்திக்கொண்டு மேலே வரும். விதைக்களைகளுக்கு அந்தத் தாள் நல்லது; கோரைக்கு அது பொருட்டே இல்லை.

அருகும் இதே இனத்துப் பிடிவாதம்தான். கல்யாண வீட்டில் 'ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி' என்று வாழ்த்துகிறோம். வாழ்த்தியவர் ஒருநாளாவது தன் வாழைத் தோட்டத்தில் அருகு எடுத்துப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். வெட்டிய துண்டில் ஒரு கணு இருந்தால் போதும், அது ஒரு செடி. வெட்டி வரப்பில் போடாதீர்கள். வாரி எடுத்து நன்கு காயவைத்த பிறகே வேறு எதுவும் செய்யுங்கள்.

கண்ணில் பட்ட பிறகு எடுப்பது

களை முழங்கால் உயரம் வந்த பிறகு ஆள் விடுவது பரவலான வழக்கம். அப்போதுதான் எடுத்தது எடுத்த மாதிரி தெரியும், கூலிக்கும் மனம் ஆறும். ஆனால் பயிருக்கு நடக்க வேண்டிய நஷ்டம் அதற்குள் நடந்து முடிந்திருக்கும். பொதுவான கணக்கு இது: பயிரின் மொத்த வயதில் முதல் மூன்றில் ஒரு பங்கு காலம் களையில்லாமல் இருக்க வேண்டும். 105 நாள் நிலக்கடலை என்றால் முதல் 35, 40 நாள். வெங்காயம் போல இலை விரிந்து நிலத்தை மூடாத பயிருக்கு இன்னும் கூடுதல் நாள் காவல் வேண்டும்.

நிலக்கடலையில் தாமதத்துக்கு இரட்டைத் தண்டனை உண்டு. 45 நாளுக்குப் பிறகு, காய் பிடிக்கும் விழுது மண்ணில் இறங்கும் நேரம். அப்போது களைக்கொத்தைப் போட்டால் களையோடு விழுதும் போகும். அந்தக் கட்டத்தில் நிற்கும் களையைக் கையால் மெதுவாகப் பிடுங்கலாம், இல்லையென்றால் விட்டுவிடுவதே மேல்.

சோளத்திலும் கரும்பிலும் வரும் சுடுமல்லி இதைவிட வஞ்சகமானது. அது பயிரின் வேரிலேயே வேரை ஊன்றி உறிஞ்சுகிற ஒட்டுண்ணி. மண்ணுக்கு மேலே பச்சையாகத் தலைகாட்டும்போது அடியில் பல வாரம் உறிஞ்சி முடித்திருக்கும். அந்தப் பருவப் பயிரை முழுமையாகக் காப்பாற்ற முடியாது என்றாலும் பூக்குமுன் பிடுங்கியே ஆக வேண்டும். தூசி போன்ற அதன் விதை பத்தாண்டுக்கு மேலும் மண்ணில் உயிரோடு கிடக்கும். திரும்பத் திரும்பச் சோளமே போடுவதுதான் இங்கே உண்மையான தவறு. இடையில் பருத்தியோ கடலையோ தட்டைப்பயறோ போட்டால், அவற்றின் வேர்க்கசிவை நம்பிச் சுடுமல்லி விதை முளைக்கும். ஒட்டிக்கொள்ளச் சரியான வேர் கிடைக்காமல் செத்துப்போகும்.

நெல்லோடு சேர்த்து நடுவது

நெல்வயலில் குதிரைவாலிப் புல் நாற்றங்காலிலேயே நுழைந்து, நாற்றுமுடியோடு வந்து, நாமே கையால் நட்ட களையாக நிற்கும். சின்ன வயதில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பிரித்தறிய ஓர் அடையாளம் போதும்: இலை தாளோடு சேரும் மடிப்பை விரித்துப் பாருங்கள். நெல்லில் அங்கே வெள்ளையாக மெல்லிய நாக்கு போன்ற சவ்வு இருக்கும். புல்லில் அந்த இடம் மொட்டையாக இருக்கும். நாற்றுப் பறிக்கும்போதே இதைப் பார்த்துக் கழிக்கத் தெரிந்த பெண்கள் ஊருக்குச் சிலர் இருந்தார்கள். அவர்கள் வேலையை இப்போது களைக்கொல்லி மருந்து செய்கிறது, அவ்வளவு துல்லியமாக அல்ல.

டெல்டாவில் நேரடி விதைப்பு பெருகியபிறகு இந்தத் தொல்லை கூடியிருக்கிறது. நடவு வயலில் நாற்று வயதில் மூத்தது, தண்ணீரும் நிற்கும், புல் பின்தங்கும். நேரடி விதைப்பில் நெல்லும் புல்லும் ஒரே நாளில் பிறந்தவை. இங்கே அடிக்கடி நடக்கும் ஒரு தவறு: நடவு வயலுக்கு வாங்கிய பிரெட்டிலாகுளோர் என்ற களைக்கொல்லியை அப்படியே சேற்று விதைப்பு வயலிலும் போடுவது. நேரடி விதைப்புக்குக் காப்புப் பொருள் சேர்த்த வகை தனியாக வருகிறது. அது சேராத மருந்தைப் போட்டால் புல்லோடு நெல் முளையும் அடிபடும். கோனோவீடர் என்ற உருளைக் களையெடுப்புக் கருவியை உருட்டுபவர்கள் காய்ந்த வயலில் உருட்டி முதுகை ஒடித்துக்கொள்வதும் வீண். அடியில் மெல்லிசாகத் தண்ணீர் நின்றால்தான் களை சேற்றில் அமிழும்.

பூத்த பிறகு பார்த்தீனியம்

பார்த்தீனியம் என்ற இந்தக் களை 1950-களின் நடுவில் புணேயில் முதலில் கவனிக்கப்பட்டு நாடு முழுவதும் பரவியது. ஒரு செடி பத்தாயிரத்துக்கும் மேல் விதை போடும். பூக்குமுன் பிடுங்க வேண்டிய செடியை, வெள்ளைப் பூ பளிச்சென்று தெரிந்த பிறகுதான் பலரும் பார்க்கிறார்கள். பூத்ததைப் பிடுங்கி எருக்குழியில் போடுவது அடுத்த தவறு. அந்த எரு போகும் இடமெல்லாம் பார்த்தீனியம் போகும். பிரஷ் கட்டரால் தரைமட்டத்தில் அறுத்தால் அடித்தூரிலிருந்து கிளைத்து வரும். மழை பெய்து மண் இளகிய சமயம், வேரோடு, கையுறை போட்டுக்கொண்டு பிடுங்குவதுதான் முறை. பள்ளிப் பிள்ளைகளை வெறுங்கையோடு வரிசையாக நிறுத்திப் பிடுங்கவைக்கும் சேவை முகாம்களைத் தயவுசெய்து நிறுத்துங்கள். தோலில் அரிப்பும் புண்ணும், மகரந்தத்தால் மூச்சிரைப்பும் வரவழைக்கும் செடி இது.

தரிசு நிலத்தில் லிட்டருக்கு 200 கிராம் கல்லுப்பு கரைத்து அடிக்கலாம் என்ற பரிந்துரை உண்டு. அதைச் சாகுபடி நிலத்தில் செய்பவர்கள் இருக்கிறார்கள். அந்த உப்பு எங்கே போகும் என்று அவர்கள் யோசிப்பதில்லை. பார்த்தீனியத்தின் இலையைத் தின்னும் மெக்சிகோ வண்டை 1984-இல் பெங்களூருவில் விட்டார்கள். வெளிர்நிற முதுகில் கருங்கோடு போட்ட சின்ன வண்டு. செடியில் அதைக் கண்டால் பூச்சி வந்துவிட்டது என்று மருந்தடிக்காமல் அதன் பாட்டுக்கு விடுங்கள்.

மருந்து அடித்தும் சாகவில்லை என்பவர்களுக்கு

வாய்க்காலில் ஓடும் கலங்கல் தண்ணீரை மொண்டு கிளைபோசேட் களைக்கொல்லியைக் கலக்கினால், களிமண் துகள்களே மருந்தைப் பிடித்துக்கொள்ளும்; களைக்குப் போவது பெரும்பாலும் தண்ணீர். களையை வெட்டிவிட்டு உடனே அடிப்பதும் வீண், ஏனென்றால் மருந்தை உறிஞ்ச வேண்டியது இலை. வாடிப்போய்ப் புழுதி படிந்து நிற்கும் களையும் உறிஞ்சாது. பெண்டிமெத்தலின் போன்ற, களை முளைக்குமுன் அடிக்கும் மருந்தோ, விதைத்த மூன்று நாளுக்குள் ஈரமண்ணில் படிய வேண்டியது. பொருக்கு காய்ந்த மண்ணில் அடித்துவிட்டு, அதன்மேலேயே மிதித்து நடந்து, படிந்த படலத்தைக் கலைத்துவிட்டு, மருந்து போலி என்று கடையில் சண்டை போடுபவர்கள் உண்டு. பின்னோக்கி நடந்தபடி அடிக்க வேண்டும். அந்த மருந்து கோரையை ஒன்றும் செய்யாது என்பதையும் வாங்குமுன்பே தெரிந்துகொள்வது நல்லது.

பாராகுவாட் அடித்த மறுநாளே எல்லாம் கருகிக் கிடக்கும், மனம் குளிரும். அது பட்ட இடத்தை மட்டுமே கருக்குவது. கிழங்கும் அடிவேரும் பத்திரமாக இருக்கும். மனிதருக்கோ அது மாற்று மருந்தில்லாத விஷம். மிச்சத்தைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைப்பது தவறு என்று சொன்னால் போதாது. அப்படி வைத்து வீடுகள் இழவு கண்டிருக்கின்றன.

கரும்புக்கு 2,4-டி அடிக்கும்போது காற்றடித்தால் பக்கத்து வயல் பருத்தி இலைகள் விரல் விரலாகச் சுருங்கிவிடும். அதே தெளிப்பானை அரைகுறையாக அலசிவிட்டுத் தக்காளிக்குப் பூச்சிமருந்து அடித்தாலும் அதே கதிதான். களைக்கொல்லிக்கென்று ஒரு தெளிப்பானை ஒதுக்கி வையுங்கள். அதில் பூச்சிமருந்துக்கான கூம்பு நாசிலைக் கழற்றிவிட்டு விசிறி நாசிலைப் போடுங்கள்.

எருவும் மண்ணும்

மட்காத சாணத்தைக் கொட்டுவது களைவிதை வாங்கிக் கொட்டுவதுதான். மாடு தின்ற புல்லின் விதைகளில் பல உயிரோடுதான் வெளியே வரும். குவியல் உள்ளே கைவைக்க முடியாத சூடு ஏறி இறங்கி, கிளறிவிட்டு, மறுபடி சூடேறிய எருவில்தான் அவை சாகின்றன. ஆட்டுக்கிடை போடுபவர்கள், ஆடு கடைசியாக மேய்ந்தது சீமைக்கருவேல நெற்றா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முளைத்ததையெல்லாம் களை என்று வாரி எறிவதையும் இந்தக் கணக்கில்தான் வைப்பேன். மானாவாரிக் காட்டில் தானாக வரும் பண்ணைக்கீரையும், பாத்தி ஓரத்துப் பருப்புக்கீரையும் இளசாகப் பறித்தால் குழம்புக்கு ஆகும். பருப்புக்கீரையைப் பிடுங்கி ஈரமண்ணில் போட்டுவிட்டுப் போனால் மறுபடி வேர்பிடித்துவிடும். அதற்குச் சட்டிதான் சரியான இடம். மருந்தடித்த வரப்பில் மட்டும் பறிக்காதீர்கள்.

மாடித் தோட்டக்காரர்களுக்குக் களை காசு கொடுத்து வருவது: லோடு செம்மண்ணிலும் நாற்றுப்பண்ணைப் பையிலும். ரோஜாச் செடியின் பூவைப் பார்த்து வாங்குமுன் பையின் மண்ணைப் பாருங்கள். பளபளப்பான மெல்லிய புல் ஒன்று நின்றால் அதன் தண்டை, பூக்காம்பு இருந்தால் அதை, விரல்களுக்கு இடையில் உருட்டிப் பாருங்கள். உருளாமல் மூன்று பட்டையாகத் தட்டுப்பட்டால் அது கோரை. வேறு பை கேளுங்கள். செம்மண்ணை வாங்கினால் தொட்டியில் நிரப்புவதற்குமுன் தரையில் பரப்பி, தண்ணீர் தெளித்து, பத்துப் பதினைந்து நாள் விடுங்கள். முளைக்க வேண்டியது முளைக்கும். கிழங்கோடு வருவதை அங்கேயே பொறுக்கிவிடலாம். வெயிலில் வேகவைக்க மூடுவதாக இருந்தால் கண்ணாடிபோல் தெளிந்த தாளால் மூடுங்கள், கருப்புத் தாளால் அல்ல. கருப்புத் தாள் வெயிலைத் தானே வாங்கிக்கொள்ளும், மண்ணுக்குச் சூடு குறைவாகவே போகும். மண் ஈரமாக இருக்க வேண்டும், ஓரங்கள் காற்றுப் புகாமல் புதைந்திருக்க வேண்டும், ஏப்ரல் மே மாதத்தில் நான்கு முதல் ஆறு வாரம் பொறுக்க வேண்டும்.