கலீனாவுக்குப் போகிறவர்கள் மேட்டிலிருந்து தொடங்கலாம்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், ஏறத்தாழ 3,300 பேர் வாழும் கலீனாவை சிகாகோவிலிருந்து காரில் சுமார் மூன்று மணி நேரத்தில் அடையலாம். பயணிகள் ரயில் இல்லை. சுற்றுப்புறத்தைப் பார்ப்பதற்கும் கார் அவசியம்.

வருகிறவர்களில் பலர் நேரே மெயின் வீதிக் கடைகளுக்குள் நுழைந்துவிடுகிறார்கள். முதலில் ஊருக்கு வெளியே உள்ள ஹார்ஸ்ஷூ மவுண்ட் என்ற மேட்டில் ஏறி, இல்லினாய், அயோவா, விஸ்கான்சின் ஆகிய மூன்று மாநிலங்களையும் ஒருசேரப் பார்த்துவிட்டு இறங்குவது நல்லது. பனியுகத்தில் பனிப்பாறைகள் இப்பகுதியை மூடாமல் விலகிச் சென்றதால்தான், மத்திய மேற்கின் சமவெளிக்கு நடுவே இத்தனை குன்றுகள் எஞ்சியிருக்கின்றன. ஈயத் தாதுவும் தோண்டுபவர் கைக்கு எளிதில் எட்டியது. அந்த ஈயத்தை ஏற்றிச் செல்ல மிசிசிப்பி ஆற்றிலிருந்து நீராவிக் கப்பல்கள் ஊருக்குள்ளேயே வந்தன. சுரங்கத்துக்காகவும் விறகுக்காகவும் மரங்களை வெட்டியதில் மண் சரிந்து ஆற்றைத் தூர்த்தது. கப்பல் நின்ற அதே கலீனா ஆற்றில் இன்று கயாக் படகுதான் போகிறது. ஆனாலும் வெள்ளம் வந்தால் அடைப்பதற்கென்று மெயின் வீதியின் முனையில் பெரிய இரும்புக் கதவுகள் நிற்கின்றன. அவற்றைக் கவனிக்காமல் கடந்துவிட வேண்டாம்.

நடைபாலத்தால் ஆற்றைக் கடந்து மேட்டில் ஏறினால் பின்னாளில் அமெரிக்க அதிபரான யுலிஸஸ் கிரான்டின் செங்கல் வீடு வரும். 1860-இல் தந்தையின் தோல்பொருள் கடையில் வேலை பார்க்க இவ்வூருக்கு வந்தவர், 1865 ஆகஸ்டில் உள்நாட்டுப் போரை வென்ற தளபதியாகத் திரும்பியபோது, ஊர்ப் பிரமுகர்கள் இவ்வீட்டைப் பரிசளித்தனர். உள்ளே இருக்கும் தட்டுமுட்டுகளில் பல அக்குடும்பம் புழங்கியவை. எல்லா நாளும் திறந்திருப்பதில்லை என்பதால், நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

மறுநாளை வெளியிடங்களுக்கு ஒதுக்கலாம். மிதிவண்டி ஓட்டுபவர்களுக்கு ஆற்றோரப் பாதை உண்டு. நடப்பவர்கள் காஸ்பர் பிளஃபுக்குச் சென்று, பூர்வகுடியினர் பறவை வடிவில் எழுப்பிய மண்மேட்டைப் பார்க்கலாம். மேட்டின் மீது மட்டும் கால் வைக்கக் கூடாது. அக்டோபரில் இலைகள் நிறம் மாறும் வார இறுதிகளில் கூட்டம் நெரியும். முடிந்தால் வார நாள்களில் செல்வதே மேல்.

மாநிலத்தின் மிக உயரமான இடமான சார்லஸ் மவுண்ட் (1,235 அடி) அருகில்தான் இருக்கிறது. அது தனியார் நிலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மாதத்துக்கு ஒரு வார இறுதியில் மட்டுமே அனுமதிக்கிறார்கள். மற்ற நாள்களில் வேலியைத் தாண்டக் கூடாது.