ஸ்பைக்கிங் சிப் வாங்குமுன் ஒரு தாளில் போடவேண்டிய கணக்கு

மூளையின் நரம்பணுக்களைப் போல ஸ்பைக் எனும் சின்ன மின்துடிப்புகளால் வேலைசெய்யும் நியூரோமார்ஃபிக் (ஸ்பைக்கிங்) சிப் என்றாலே மின்சாரம் மிச்சம் என்று பலரும் நம்புகிறார்கள். மிச்சம் வரும். அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் போர்டை வாங்கினால் காசுதான் வீண். பேனாவும் கால்குலேட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் கண்ணாடி உடையும் சத்தத்தைக் கண்டுபிடிக்கும் சின்னக் கருவி ஒன்றுக்குக் கணக்குப் போடுவோம்.

படி 1: பேட்டரியில் தொடங்குங்கள்

சிஆர்2032 பட்டன் பேட்டரி 3 வோல்ட், சுமார் 225 மில்லிஆம்பியர்-மணி. பெருக்கினால் 675 மில்லிவாட்-மணி. ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம், வகுத்தால் 0.077 மில்லிவாட். மைக், சிப், ரேடியோ எல்லாம் இதற்குள் அடங்கவேண்டும். 2014-இல் ஐபிஎம் வெளியிட்ட ட்ரூநார்த் என்ற நியூரோமார்ஃபிக் சிப், பத்து லட்சம் நியூரான்களை (நரம்பணுவைப் போல நடக்கும் சர்க்யூட்டுகள்) வைத்துக்கொண்டு சுமார் 70 மில்லிவாட்டில் ஓடியது. உண்மையிலேயே பெரிய சாதனை. ஆனாலும் நம் பட்ஜெட்டைப் போல் 900 மடங்கு! நமக்குச் சில நூறு நியூரான்கள் போதும்.

படி 2: ஸ்பைக்குகளை எண்ணுங்கள்

இங்கே அவசரப்படாதீர்கள், எல்லாம் இதில்தான் இருக்கிறது. 256 உள்ளீடு, 256 நியூரான் உள்ள ஓர் அடுக்கை எடுத்துக்கொள்வோம். சாதாரண நியூரல் நெட்வொர்க் ஒவ்வொரு முறையும் 256 × 256 = 65,536 வெயிட்டுகளையும் (ஒவ்வோர் இணைப்பின் வலிமையைச் சொல்லும் எண்கள்) மெமரியிலிருந்து எடுக்கும். ஸ்பைக்கிங் முறையில், ஸ்பைக் வந்த உள்ளீட்டின் வெயிட்டுகளை மட்டும் எடுத்தால் போதும். 5 ஸ்பைக் வந்தால் 5 × 256 = 1,280. அறை அமைதியாக இருந்தால் அதுவும் இல்லை.

சரி, ஒரு முடிவுக்கு 16 டைம் ஸ்டெப் (சின்ன நேரத்துண்டு) தேவைப்பட்டு, ஒவ்வொன்றிலும் 20 ஸ்பைக் வந்தால்? 16 × 20 × 256 = 81,920. சாதாரண நெட்வொர்க்கையே தாண்டிவிட்டது. ஸ்பைக் என்பது உண்டு, இல்லை என்ற இரண்டே நிலை, அதனால் பெருக்கல் போய்க் கூட்டல் மட்டும் மிஞ்சுவது லாபம்தான். ஆனால் மின்சாரத்தை அதிகம் தின்பது மெமரி. அதனால் கருவி மாட்டப்போகும் ஜன்னலருகே ஒரு நாள் முழுக்க ஒலியைப் பதிவுசெய்து, அதை வைத்தே எண்ணுங்கள்.

படி 3: வெயிட்டுக்கு எத்தனை பிட்?

ட்ரூநார்த்தின் ஒரு கோரில் (சிப்பின் ஒரு சிறு பகுதி) 256 × 256 சினாப்ஸ்கள் (நியூரான்களுக்கான இணைப்புகள்), ஒன்றுக்கு 1 பிட். அதாவது 8 கேபி. 8 பிட் கொடுத்தால் 64 கேபி. அதன் 4,096 கோர்களுக்கும் சேர்த்து 32 எம்பி என்பது 256 எம்பி ஆகிவிடும். சிப்புக்குள்ளேயே இருக்கும் மெமரியான எஸ்ரேமில் ஒரு பிட்டுக்கு ஆறு டிரான்சிஸ்டர்கள், ஸ்பைக்கே வராத நேரத்திலும் அவற்றில் மின்சாரம் கசியும். சிப்புக்கு வெளியே, தனி மெமரியான டிரேமில் வைக்கலாமா? 45 நானோமீட்டர் சிப் தொழில்நுட்பக் காலக் கணக்கில் 32 பிட் கூட்டல் 0.1 பிக்கோஜூல் (ஆற்றலின் மிகச் சிறிய அலகு), டிரேமிலிருந்து அதே 32 பிட்டை எடுக்க சுமார் 640. வேண்டவே வேண்டாம். 4 பிட்டில் பயிற்சி கொடுத்து, துல்லியம் தாங்குகிறதா என்று பாருங்கள்.

படி 4: சிப்பிலேயே கற்கவேண்டுமா?

இன்டெல் 2017-இல் அறிவித்த லோயிஹி சிப்பில் அந்த வசதி உண்டு, ட்ரூநார்த்தில் இல்லை. கற்றலுக்குத் தனி சர்க்யூட்டும் கூடுதல் மெமரியும் வேண்டும். கண்ணாடி உடையும் சத்தம் வீட்டுக்கு வீடு பெரிதாக மாறாது, விட்டுவிடுங்கள். அனலாக் நியூரான்களும் (0, 1 எண்களுக்குப் பதில் தொடர்ந்து மாறும் மின்னழுத்தத்தில் இயங்குபவை) தொடக்கத்தில் வேண்டாம். வெப்பநிலை மாறினால் அவற்றின் நடத்தையும் மாறும், வெயில் படும் ஜன்னலில் அது தலைவலி.

படி 2-இல் வந்த எண் 65,536-ஐ நெருங்கினால் ஸ்பைக்கிங் சிப்பைத் தேடாதீர்கள். சத்தம் கேட்டால் மட்டும் எழுப்பும் மைக்கும் ஒரு சாதாரண மைக்ரோகன்ட்ரோலரும் போதும்.