கோவையில் இறங்கி ஊட்டி ஏறுகிறீர்களா? முதலில் பெட்டியை எடை போடுங்கள்

நீலகிரிக்கென்று பயணிகள் விமான நிலையம் கிடையாது. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி போகிறவர்கள் கோவை பீளமேட்டில் இறங்கி, மேட்டுப்பாளையம் வழியாக மலை ஏற வேண்டும். கூடலூர், பந்தலூர் தேயிலைத் தோட்டங்களில் சொந்தக்காரர்கள் இருக்கிற இலங்கைக் குடும்பங்களுக்குக் கோழிக்கோடுதான் கிட்டம். சிங்கப்பூர், சார்ஜாவிலிருந்து வருகிறவர்கள் கோவையிலேயே வந்து இறங்கலாம். லண்டன், டொராண்டோ, சிட்னிக்காரர்கள் பெரும்பாலும் சென்னையிலோ பெங்களூருவிலோ ஒரு உள்நாட்டு விமானம் மாற வேண்டியிருக்கும். தலைவலி ஆரம்பிப்பது அங்கேதான்.

வெளிநாட்டிலிருந்து தலைக்கு 23 கிலோவில் இரண்டு பெட்டி கொண்டு வந்திருப்பீர்கள். இண்டிகோ, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போன்ற மலிவு விமானங்களில் உள்நாட்டுப் பயணத்துக்கு வழக்கமாக 15 கிலோ, கையில் 7 கிலோ. மிச்சம் 31 கிலோவுக்கும் கிலோக் கணக்கில் காசு. டிக்கெட் விலையைவிட அது அதிகமாகிவிடும். சென்னை உள்நாட்டுக் கவுன்டர் முன்னால் எந்நேரமும் யாராவது ஒரு குடும்பம் பெட்டியைத் தரையில் பிரித்துப் போட்டு, சாக்லேட் பொட்டலத்தையும் பால்பவுடர் டப்பாவையும் அதிலிருந்து இதற்கு, இதிலிருந்து அதற்கு என்று மாற்றிக்கொண்டிருக்கும். பின்னால் வரிசை நிற்கும். அப்பா மட்டும் எடை எந்திரத்தையே முறைத்துக்கொண்டிருப்பார்.

இதற்கு உருப்படியான வழி, கோவை வரைக்கும் ஒரே பி.என்.ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், டிக்கெட் போடுவது. நாலைந்தாயிரம் ரூபாய் கூடினாலும் பரவாயில்லை. அப்படிப் போட்டால் பொதுவாக வெளிநாட்டுப் பயணத்துக்கான எடையே கடைசிவரை செல்லும். முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனியாகப் போட்டால் இந்த இரண்டும் கிடையாது. லண்டன் விமானம் மூன்று மணி நேரம் தாமதமானால் கோவை விமானம் உங்களுக்காகக் காத்திருக்காது. வராத பயணி என்று எழுதிவிடுவார்கள், வரிப் பணம் மட்டும் திரும்பும். எப்படிப் போட்டாலும் இந்தியாவில் முதலில் இறங்கும் ஊரில் பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும் என்பதை மனதில் வையுங்கள். தனி டிக்கெட் என்றால் நடுவில் ஐந்தாறு மணி நேரமாவது விடுங்கள். கூடுதல் எடையையும் முன்கூட்டியே ஆன்லைனில் வாங்கிவிடுங்கள். கவுன்டரில் வாங்குவதைவிட அது மலிவு. 'லைட்' என்ற பெயரில் வரும் மகா மலிவான டிக்கெட்டைப் பார்த்தால் தள்ளி நில்லுங்கள். அதில் பெட்டிக்கே இடமில்லை.

வெளிநாட்டு கார்டில் பணம் போகாமல் ஊரிலிருக்கும் அண்ணனோ மச்சானோ டிக்கெட் போட்டுக் கொடுப்பது வழக்கம். நல்லதுதான். ஆனால் அவருடைய போன் நம்பரைக் கொடுத்தால் நேர மாற்றச் செய்தியெல்லாம் அவருக்குத்தான் போகும், நீங்கள் நடுவானில் இருப்பீர்கள். உங்கள் மின்னஞ்சலையும் சேர்க்கச் சொல்லுங்கள். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். அப்பா பெயரை இனிஷியலாகச் சுருக்கிப் போட்டுவிட்டு வாசலில் காவலரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

எந்த விமானம் என்று கேட்டால், காலையில் கிளம்பும் முதல் விமானம் என்பேன். ஒரே விமானம் நாள் முழுக்க ஊர் ஊராகச் சுற்றுவதால் தாமதம் சேர்ந்துகொண்டே போய் மாலை விமானத்தின் தலையில்தான் விழும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் சாப்பாடும், ஆறு மணி நேரத்துக்கு மேல் போனால் மாற்று விமானமோ பணமோ கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேட்டால்தான் கிடைக்கும். அதைவிட முக்கியம், மாலையில் இறங்கினால் மேட்டுப்பாளையம் தாண்டும்போதே இருட்டிவிடும். பர்லியாருக்கு மேலே மூடுபனியில் கொண்டை ஊசி வளைவுகள், பின் சீட்டில் நேர மாற்றத்தில் தூங்கி வழியும் பிள்ளைகள். தேவையா?

வண்டியை மேலேயிருந்து வரச் சொல்லுங்கள். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்குள் வண்டி நுழைய இ-பாஸ் என்ற ஆன்லைன் அனுமதிச் சீட்டு வேண்டும். டி.என்.43 பதிவெண் கொண்ட உள்ளூர் வண்டிக்கும் அரசுப் பேருந்துக்கும் அது தேவையில்லை. அப்புறம், மலை டிரைவருக்கு வளைவு அத்துப்படி. விமானத்தில் வாங்கிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை மலை ஏறும் முன்பே குப்பைத்தொட்டியில் போட்டுவிடுங்கள், சோதனைச் சாவடியில் பிடுங்கிவிடுவார்கள்.

பெட்டி நிறைய இருந்து அவசரம் இல்லையென்றால் விமானத்தையே விட்டுவிடலாம். சென்னை சென்ட்ரலில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம். மூன்றடுக்கு ஏசியில் தலைக்கு 40 கிலோ வரை அனுமதி. 60 நாளைக்கு முன்பே முன்பதிவு திறக்கும். அங்கிருந்து மலை ரயிலில் போகும் ஆசை இருந்தால் பெரிய பெட்டிகளைக் காரில் ஏற்றி அனுப்பிவிடுங்கள். அந்த ரயிலின் சின்னப் பெட்டிகளில் உட்காரவே இடம் இறுக்கம். மழைக்காலத்தில் மண்சரிந்து ரயில் நிற்பதும் உண்டு.

ஸ்வெட்டரை வெளிநாட்டிலிருந்து சுமந்து வராதீர்கள். ஊட்டி திபெத்தியர் மார்க்கெட்டில் மலிவாகக் கிடைக்கும். டிசம்பர், ஜனவரியில் வருவதானால் ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டே விமானம் ஏறுங்கள், போட்டிருப்பதை யாரும் எடை போடுவதில்லை.

திரும்பும்போது எடை தொல்லை குறைவு. டீத்தூளைப் பெட்டியில் வையுங்கள். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊட்டி வர்க்கியைக் கையிலேயே எடுத்துப் போங்கள், பெட்டியில் போட்டால் தூள்தான் மிஞ்சும். நீலகிரித் தைலம் தீப்பிடிக்கும் சரக்கு. பெரிய பாட்டில் வேண்டாம். பவர் பேங்க் கைப்பையில் மட்டும். ஊட்டியிலிருந்து விமான நிலையத்துக்கு மூன்று, மூன்றரை மணி நேரம். மே மாதத்தில் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவார்கள், அப்போது ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கவுன்டர் விமானம் கிளம்ப 60 நிமிடத்துக்கு முன்பே மூடிவிடும்.