பயிற்சிக்கு நடுவே வலி கூடினால்

சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத் தளத் தசைகளுக்குப் பயிற்சி எடுக்கும்போது, நன்றாகப் போய்க்கொண்டிருக்கையில் திடீரென வலியோ சிறுநீர்க் கசிவோ கூடலாம். எல்லாம் வீணாகிவிட்டதோ என்று பயப்படாதீர்கள். மலச்சிக்கல், விடாத இருமல், மாதவிலக்கு, ஏன், மனஅழுத்தம்கூடத் தூண்டியிருக்கலாம்.

வலி இருக்கும்வரை தசையை இறுக்கும் பயிற்சியைக் குறைத்து, தளர்த்துவதில் கவனம் வையுங்கள். மல்லாந்து படுத்து, கெண்டைக்கால்களை நாற்காலி மேல் வைத்து, வயிறு உப்பும்படி மெல்ல மூச்சிழுங்கள். மூச்சு உள்ளே போகும்போது தசை தானாகக் கீழிறங்கும். அதைத் தடுக்காமல் விட்டாலே போதும். கழிப்பறையில் முக்க வேண்டாம். சரியானதும் பழைய அளவுக்குப் படிப்படியாகவே திரும்புங்கள்.

காய்ச்சல், சிறுநீரில் ரத்தம், சிறுநீர் அடைப்பு, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல் இருந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.