குடித்துவிட்டு நிறுத்திய காரில் தூங்கினால் வழக்கு வருமா?

வரலாம். வராமல் இருப்பது பெரும்பாலும் நீங்கள் எங்கே, எப்படிப் படுத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 185-இல் குற்றம் இரண்டுதான்: 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹாலோடு வண்டி ஓட்டுவது, அல்லது ஓட்ட முயல்வது. நிறுத்திய வண்டிக்குள் போதையில் இருப்பதை அந்தப் பிரிவு தனிக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் "ஓட்ட முயன்றார்" என்று எழுத நாமே இடம் கொடுத்துவிடுகிறோம். ஏசிக்காக எஞ்சினை ஓடவிட்டு, டிரைவர் சீட்டைச் சாய்த்து, கால் பிரேக் மேலேயே கிடக்கத் தூங்குவார்கள் சிலர், பின்னால் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ரோந்து வரும் போலீஸ்காரர் வேறு என்ன நினைப்பார்?

அதனால் குடிக்க உட்காருவதற்கு முன்பே வண்டியை ரோட்டை விட்டு உள்ளே தள்ளி நிறுத்துங்கள், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு எஞ்சினை அணைத்து, சாவியைக் குடிக்காத ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டியென்றால் சாவி பையில் இருந்தாலே போதும், ஸ்டார்ட் ஆகிவிடும், எனவே அது வண்டிக்கு வெளியே போயாக வேண்டும். படுப்பதென்றால் பின் சீட்டில் படுங்கள். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கினால் புகையே ஆளைக் கொன்றுவிடும், இது வழக்கைவிடப் பெரிய விஷயம். என்னைக் கேட்டால், காரைக்குடிப் பக்கம் கல்யாணத்துக்கு வந்துவிட்டு வண்டியில் படுப்பானேன்? அத்தனை பெரிய வீட்டில் முகப்பில் ஒரு பாய் கேட்டால் யார் இல்லையென்று சொல்லப்போகிறார்கள்?

சரி, கதவைத் தட்டிவிட்டார்கள். நிதானமாக இறங்குங்கள், ஸ்டியரிங்கைத் தொட வேண்டாம். பொய் வேண்டாம், போதையில் ஊர்க்கதையும் வேண்டாம். "இப்போதான் திருப்பத்தூரிலிருந்து ஓட்டிவந்தேன்" என்றால் வழக்கை நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். சாவி யாரிடம் இருக்கிறதோ அவரை வரச் சொல்லுங்கள். ஊதச் சொன்னால் ஊதிவிடுங்கள், ஏனென்றால் காரணமில்லாமல் மறுத்தால் பிரிவு 205-இன்படி அதையே உங்களுக்கு எதிராக எடுத்துக்கொள்ளலாம். ஊதுகுழல் புதிதாக இருக்கட்டும், ரசீதில் நேரமும் அளவும் சரியா என்று பாருங்கள்.

கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் டாக்டரிடம் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும் என்கிறது பிரிவு 202. கைதான நேரத்தைக் கூட இருப்பவர் குறித்து வைத்துக்கொள்வது அதனால்தான் முக்கியம். இது ஜாமீனில் விடக்கூடிய குற்றம். ஆனால் ஸ்பாட் ஃபைன் கட்டி முடிக்கிற வழக்கு இல்லை, கோர்ட்டுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ரூ.10,000 அபராதம் அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் இரண்டு வருடம் வரை, ரூ.15,000. தண்டனை கிடைத்தால் லைசென்ஸும் குறைந்தது ஆறு மாதத்துக்கு முடங்கும். ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவதற்கு முன் ஒரு வக்கீலைப் பாருங்கள், வண்டி ஓடவே இல்லை என்றால் வாதாட இடம் இருக்கிறது.

பிரிவு 185 வழக்கு நிற்காவிட்டாலும், பொது இடத்தில் போதையில் இருப்பதற்கே தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-இல் தனிப் பிரிவு உண்டு. ரோட்டோரக் காரில் பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார வேண்டாம்.

அப்புறம், நம் பக்கத்தில் மலேசியா, சிங்கப்பூரில் சொந்தம் இல்லாத குடும்பம் குறைவு. அங்கே இந்தக் கணக்கே வேறு. போதையில் வண்டியைத் தன் பொறுப்பில் வைத்திருப்பதே குற்றம், மலேசியாவின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் பிரிவு 45, சிங்கப்பூரின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் பிரிவு 68. எஞ்சின் ஓட வேண்டும் என்பதில்லை, ஓட்ட வாய்ப்பே இருக்கவில்லை என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். அங்கே போனால் வண்டியைப் பூட்டிவிட்டு டாக்சியில் வீட்டுக்குப் போய்விடுங்கள்.